கைமாறிய வேன்: மாருதி ஆம்னி குடும்ப வண்டியான வரலாறு

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘ஆம்னி’ என்னும் சொல் இரண்டு வண்டிகளைக் குறிக்கும். சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்கு இரவில் புறப்படும் தனியார் பேருந்து ஆம்னி பஸ் எனப்படும். ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஊர்ச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும் மாருதி நிறுவனத்தின் சிறுவண்டி ஆம்னி வேன் எனப்படும். ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் மூலம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் வகையில் கட்டப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்த மோட்டார் வண்டியையும் ஆம்னிபஸ் என்று வரையறுக்கிறது. மாருதி நிறுவனம், அதுவரை வெறுமனே ‘மாருதி வேன்’ என்று விற்றுவந்த தன் வண்டிக்கு அதே 1988-இல் ஆம்னி என்று பெயர் சூட்டியது. அந்த வேனின் எட்டு இருக்கை வகையில் ஓட்டுநர் போக ஏழு பேர் அமரலாம் என்பதால், வணிகப் பெயராக வந்த சொல் சட்டத்தின் வரையறைக்கும் பொருந்திப் போனது.

1984 முதல் 2019 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் உற்பத்தியில் இருந்து 20 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த வண்டியின் வரலாற்றைப் புது வண்டி விற்பனையின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். பல வீடுகளுக்கு அது முதலில் ஒரு கடையின் வண்டியாகவோ ஒரு தொழிலின் வண்டியாகவோ உழைத்து, விலை இறங்கி, கைமாறிய பிறகே வந்துசேர்ந்தது. அப்படி வந்த வண்டி குடும்பத்துக்குப் பொருந்தியதற்கான காரணமும், பின்னாளில் சட்டம் அதை நிறுத்தியதற்கான காரணமும் ஒன்றே: முன்பக்கம் நீட்டிய மூக்கு இல்லாத அதன் பெட்டி வடிவம். அந்த வடிவம் இந்தியாவில் தோன்றியதன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் அரசு, மக்கள் எளிதில் வாங்கவும் சிறுதொழில்கள் சரக்கு ஏற்றவும் ஏற்ற வகையில் ‘கெய்’ எனப்படும் சிறுவண்டி வகுப்பை உருவாக்கியது. ஜப்பானிய மொழியில் ‘கெய்’ என்றால் இலேசானது என்று பொருள். இஞ்சினின் கொள்ளளவும் வண்டியின் நீள அகலங்களும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் வரியிலும் பிற கட்டணங்களிலும் சலுகை உண்டு என்பதே இவ்வகுப்பின் அடிப்படை. 1950-களின் நடுவில் 360 சி.சி. என்றிருந்த இஞ்சின் வரம்பு 1976-இல் 550 சி.சி. ஆக உயர்ந்தது, அப்போது அனுமதிக்கப்பட்ட நீளம் 3.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். நீளத்தைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கும்போது, இஞ்சினுக்கென்று முன்னால் தனி அறை ஒதுக்கினால் சரக்குக்கும் ஆளுக்கும் இடம் போதாது. ஆகவே வடிவமைப்பாளர்கள் இஞ்சினை முன் இருக்கைகளுக்கு அடியில் செருகி, ஓட்டுநரை முன் அச்சின் மேலேயே உட்காரவைத்து, மீதியிருந்த நீளம் முழுவதையும் பெட்டியாக்கினர். ஹமமட்சு நகரில் 1909-இல் நெசவுத் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கிய சுசுகி நிறுவனம், 1961-இல் ‘கேரி’ என்ற சரக்கு வண்டியை இவ்வகுப்பில் வெளியிட்டது. ஆங்கிலத்தில் ‘சுமத்தல்’ என்று பொருள்படும் பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடும். 1979-இல் வந்த கேரியின் புதிய தலைமுறையில், வெளிநாட்டுச் சந்தைகளுக்காக 800 சி.சி. அளவு இஞ்சின் பொருத்திய வகையும் இருந்தது. அதுவே மாருதி வேனின் நேர் மூதாதை.

அந்த வேன் வந்து இறங்கிய இந்தியாவில் குடும்ப வண்டி என்ற சொல்லுக்கு அதிகத் தெரிவுகள் இல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய இரண்டுமே சாலைகளை ஆண்டன. பலர் சேர்ந்து போகவேண்டுமென்றால் ஜெர்மானிய வடிவமைப்பில் பஜாஜ் டெம்போ நிறுவனம் தயாரித்த மாடடார் வேன் இருந்தது; அது டீசல் வண்டி, கனமானது, வீட்டு வாசலில் நிறுத்துவதைவிட வாடகைக்கு ஓட்டுவதற்கே ஏற்றது. 1981 பிப்ரவரியில் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட மாருதி உத்யோக், 1982 அக்டோபரில் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் மாருதி 800 காரை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் இஞ்சினோடு மாருதி வேன் வந்தது. காருக்கும் வேனுக்கும் இஞ்சின் ஒன்றே என்பது முதலில் தொழிற்சாலையின் வசதிக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால், மாருதி 800-ஐப் பிரிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் வேனையும் பிரிக்க முடிந்தது, காருக்கான உதிரிபாகம் கிடைத்த கடையிலேயே வேனுக்கானதும் கிடைத்தது என்ற இரண்டும் பத்தாண்டுகளுக்குப் பின் பழைய வண்டி வாங்கியவர்களுக்குப் பெரும் துணையாயின.

காலப் பொருத்தம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1983-இன் இறுதியில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வாயேஜர் ஆகிய வண்டிகளை வெளியிட்டு ‘மினிவேன்’ என்ற வகையை அந்நாட்டில் நிலைநாட்டியது. 1984-இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் எஸ்பாஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. இவை காரின் நுட்பத்தில் நின்று, இஞ்சினை முன்னால் ஒரு குட்டை மூக்குக்குள் வைத்து, குடும்பத்தை மனத்தில் கொண்டே வரையப்பட்டவை. இந்தியாவுக்கு அதே ஆண்டில் வந்த சிறுவேனோ, ஜப்பானியக் கடைக்காரரின் சரக்கு வண்டியாகப் பிறந்து, இருக்கை பொருத்தப்பட்டு வந்தது. மேலைநாட்டு மினிவேனுக்குத் தொழிற்சாலையிலேயே கிடைத்த ‘குடும்ப வண்டி’ என்ற தகுதியை, இந்திய வேனுக்கு அதை வாங்கியவர்களே ஈட்டித்தர வேண்டியிருந்தது.

அளவுகளைப் பார்த்தால் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பது விளங்கும். ஆம்னியின் நீளம் ஏறத்தாழ 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர், உயரம் 1.64 மீட்டர், எடை 800 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அம்பாசடரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் குட்டையான இவ்வண்டி, நான்கு மீட்டர் சொச்ச ஆரத்தில் திரும்பிவிடும். அக்கிரகாரத் தெரு, நெசவாளர் தெரு, மார்க்கெட் சந்து என்று மாட்டுவண்டிக் காலத்தில் அமைந்த தெருக்களில், இரண்டு பக்கமும் திண்ணையும் நடுவில் சாக்கடையும் இருக்கும் இடத்தில், கதவை வெளியே விரித்துத் திறப்பதற்கே இடமிராது. ஆம்னியின் பக்கக் கதவு தண்டவாளம் போன்ற தடத்தில் பின்னோக்கிச் சறுக்கித் திறந்ததால், சுவரோரம் ஒட்டி நிறுத்திய வண்டியிலிருந்தும் ஆட்கள் இறங்க முடிந்தது. தரை தாழ்ந்தும் வாசல் அகன்றும் இருந்தமையால் புடவை கட்டிய பெண்களும் மூட்டுவலிக்கார முதியோரும் குனிந்து நெளியாமல் ஏறினர். எட்டு இருக்கை வகையில் நடு இருக்கை பின்னோக்கி அமைந்திருந்தது. அதில் அமர்ந்தவர்களும் கடைசி இருக்கையில் அமர்ந்தவர்களும் இரயில் பெட்டியில் போல முகம் பார்த்து உட்கார்ந்தனர். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள், உடன் வரும் அத்தை அல்லது சித்தி என்று எண்ணினால், ஒரு சாதாரணக் காருக்குள் அடங்காத வீடு இதற்குள் அடங்கியது.

இருந்தும், புதிதாக வந்த வேனைத் தமிழகத்துச் சிறுநகரங்களில் பெரிதும் தேடியவர்களுள் வணிகர்களுக்கு முக்கிய இடமுண்டு. பேக்கரிக்காரர் பன்னும் ரொட்டியும் அடுக்கினார், ஜவுளிக்கடைக்காரர் பொதியை ஏற்றினார், பந்தல்காரரும் ஒலிபெருக்கி வாடகைக்காரரும் குழாயும் பெட்டியும் ஏற்றினர், மருத்துவமனைகள் படுக்கை பொருத்தி ஆம்புலன்ஸ் ஆக்கின. வார நாளில் சரக்கு ஏற்றிய வண்டியைத் துடைத்து, பின் இருக்கையை மீண்டும் பூட்டி, ஞாயிறன்று குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போவது என்ற இரட்டை வழக்கம் இவர்கள் வீடுகளிலேயே தொடங்கியது எனலாம். தொழில் பெருகி ஒருவர் பெரிய வண்டிக்கு மாறும்போது, பழைய வேன் சந்தைக்கு வந்தது. அதை வாங்கியவர் பலருக்கு அதுவே வாழ்வின் முதல் நான்கு சக்கர வண்டி.

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ‘கன்சல்டிங்’ என்று பெயர். ஆலோசனை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், பெயர்ப்பலகைகளில் ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்று நிலைத்து, வண்டித் தரகு என்ற தொழிலையே குறிக்கலாயிற்று. மாருதி நிறுவனம் 2001-இல் ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் பழைய கார் விற்பனையை முறைப்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே, இக்கடைகள் வாய்ச்சொல்லையும் முகப்பழக்கத்தையும் நம்பி நடந்துவந்தன. ‘சிங்கிள் ஓனர்’, ‘இன்சூரன்ஸ் கரண்ட்’, ‘எஃப்.சி. இருக்கு’ என்ற தொடர்கள் அச்சந்தையின் கலைச்சொற்கள்: முறையே ஒருவர் கையிலேயே இருந்த வண்டி, காப்பீடு நடப்பிலிருக்கும் வண்டி, சாலையில் ஓடத் தகுதியுடையது என்ற அரசுச் சான்று முடியாத வண்டி என்று பொருள்படும்.

வாங்கவந்தவர் தம்மோடு அழைத்துவரும் மெக்கானிக் ஆம்னியைச் சோதித்த முறையில் அவ்வண்டியின் உடற்கூறு முழுவதும் வெளிப்படும். அவர் முதலில் பெயிண்டைப் பார்ப்பதில்லை. தரைவிரிப்பைத் தூக்கி, பக்கக் கதவின் கீழ்த்தடத்திலும் சக்கர வளைவுக்கு மேலேயும் விரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார், ஏனெனில் மழைநீர் தேங்கித் துரு தொடங்குவது அங்கேதான், மேலே பூசிய பட்டி எளிதில் உதிர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். பிறகு கதவை ஒருமுறை முழுக்க இழுத்துத் திறந்து மூடுவார். உருளை தேய்ந்திருந்தால் நடுவழியில் திக்கும், இல்லையேல் மூடும்போது ‘டபார்’ என்று விழும். அடுத்து முன் இருக்கையைத் தூக்குவார். வீட்டுப் பரண் கதவைத் திறந்ததுபோல இஞ்சின் கண்ணெதிரே தெரியும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி அதன் உட்புறத்தைப் பார்த்து, மோர்போல வெண்ணுரை படிந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார். இஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள ‘ஹெட் கேஸ்கட்’ என்னும் தகடு பழுதாகி, குளிர்விக்கும் நீர் எண்ணெயோடு கலந்திருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. வண்டியை ஓடவிட்டுப் பின்னால் போய் நின்று புகையின் நிறம் பார்ப்பது கடைசி. நீலப் புகை என்றால் இஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள், விலை அங்கேயே குறையத் தொடங்கும்.

விலை முடிந்தபின் காகிதம் தொடங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டி கைமாறியதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; இதற்கெனப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை உண்டு. வேறு மாநிலத்து வண்டியாயின் தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28-உம், கடன் வாங்கிய வண்டியாயின் அடைமானத்தை நீக்கும் படிவம் 35-உம் சேரும். படிவங்களில் கையொப்பம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டுவது பரவலான வழக்கமாயிருந்ததால், ‘ஆர்.சி. புக்’ எனப்படும் பதிவுச் சான்றில் ஒருவர் பெயரும் ஓட்டுநர் இருக்கையில் வேறொருவருமாக வண்டிகள் பல ஆண்டுகள் ஓடின. விபத்து நேர்ந்தால் வழக்கும் இழப்பீடும் எப்போதோ விற்றவரின் வாசலுக்கே வந்து நின்றன.

பழைய ஆம்னியோடு ஒரு குடும்பம் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தனிப் பழக்கங்கள் தேவைப்பட்டன. கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கருவி பொருத்திய வண்டிகளில், மார்கழிக் காலையில் ‘சோக்’ என்னும் குமிழை இழுத்தால்தான் இஞ்சின் பிடிக்கும். பிடித்தபின் அதை உள்ளே தள்ள மறந்தால் பெட்ரோல் வீணாகும். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் இறுகியதையடுத்து, பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் அமைப்பு வந்து, இந்தச் சடங்கு மறைந்தது. இருக்கைக்கு அடியில் இஞ்சின் இருந்ததால் கோடையில் முன்னால் அமர்பவரின் தொடை சுடும். துண்டு மடித்துப் போட்டுக்கொள்வது ஓட்டுநர்களின் வழக்கம். ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைச்சாலைகளில் எட்டுப் பேரோடு ஏறும்போது நான்கு கியர்களில் முதலிரண்டே பெரும்பாலும் பயன்பட்டன, நடுவழியில் நிறுத்தி ரேடியேட்டர் சூடாறக் காத்திருப்பது பயணத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. நெடுஞ்சாலையில் பேருந்து முந்திச் செல்லும்போது உயரமும் இலேசுமான பெட்டி காற்றில் ஒருமுறை அசைந்து கொடுக்கும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 1.84 மீட்டர் மட்டுமே இருந்ததாலும் பின்பக்கம் வில்பட்டைகள் தாங்கியதாலும் குண்டு குழி ஒவ்வொன்றும் கடைசி இருக்கைக்குத் தெரிந்தது. இவற்றுக்கெல்லாம் ஈடாக, பழுதின் செலவு தாங்கும்படி இருந்தது. இருக்கையைத் தூக்கி இரண்டு போல்ட்டுகளைக் கழற்றத் தெரிந்த குடும்பத் தலைவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்.

செலவைக் குறைக்கும் அந்த வேட்கையே ஆபத்துக்கும் வழிவகுத்தது. பெட்ரோலைவிட மலிவான சமையல் எரிவாயுவில் ஆம்னியை ஓட்ட முடியும் என்று கண்டவர்கள், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரையே பின் இருக்கைக்குக் கீழே படுக்கவைத்துக் குழாய் இணைத்தனர். பயணிகள் அமரும் அறையும் எரிபொருள் இருக்கும் இடமும் இஞ்சின் சுடும் இடமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வண்டியில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2001-இல் தனி ஆணை பிறப்பித்து, வண்டிக்கென்றே தயாரித்த கலனையும் ‘ஆட்டோ எல்.பி.ஜி.’ நிலையங்களையும் முறைப்படுத்தியது. மாருதியும் தொழிற்சாலையிலேயே எரிவாயு அமைப்பு பொருத்திய ஆம்னியை விற்றது. வீட்டுச் சிலிண்டர் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. வெள்ளை நிறப் பதிவுப் பலகை கொண்ட, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கென்று மட்டும் பதிவான வேன்களை வாடகைக்கு ஓட்டியதும், பள்ளிப் பிள்ளைகளை அளவுக்கு மீறித் திணித்ததும் இதனோடு ஒத்த மீறல்களே. 2012-இல் தமிழ்நாடு அரசு பள்ளி வண்டிகளுக்கெனத் தனி விதிகள் இயற்றியபின் பின்னதன்மேல் கண்காணிப்பு கூடியது. திரைப்படங்களும் இவ்வண்டியை விட்டுவைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளச் சறுக்குக் கதவு வசதியாயிருந்ததால், கடத்தல் காட்சி என்றாலே வெள்ளை ஆம்னி என்பது இந்தியத் திரையின் மரபாகி, வீதியில் அவ்வண்டி நின்றால் பிள்ளைகளைப் பயமுறுத்தும் வேடிக்கைப் பேச்சாகவும் வளர்ந்தது.

வேனைத் திட்டமிட்டே குடும்ப வண்டியாக விற்கும் முயற்சியும் நடந்தது. 2001-இல் மாருதி நிறுவனம் 1.3 லிட்டர் இஞ்சினும் ஏ.சி.யும் கொண்ட வெர்சா என்ற வண்டியை, அமிதாப் பச்சனையும் அபிஷேக் பச்சனையும் விளம்பரத்தில் நிறுத்தி வெளியிட்டது. குடும்பங்கள் அந்த விலைக்கு வழக்கமான காரையே விரும்பின. வெர்சா எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அதே உடலில் 1.2 லிட்டர் இஞ்சினைப் பொருத்தி, அலங்காரங்களைக் களைந்து, விலையை இறக்கி 2010-இல் ஈகோ என்ற பெயரில் விற்றபோது அது நிலைத்தது. இடம் மிகுந்த பெட்டியை இந்தியக் குடும்பம் ஏற்றது, ஆனால் அதைச் சிக்கனத்தின் பொருட்டே ஏற்றது என்பதற்கு இவ்விரு வண்டிகளின் கதை தக்க சான்று. கைமாறிய ஆம்னியின் செல்வாக்கும் இதே அடிப்படையில்தான் நின்றது.

முடிவு அதன் முகப்பிலிருந்தே வந்தது. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டும் என்பது நவீனப் பாதுகாப்பின் முதற்பாடம். அதற்கென்று விடப்படும் பகுதிக்கு ‘நசுங்கு மண்டலம்’ என்று பெயர். ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் இடையில் ஒரு தகரத் தகடும் விளக்கும் பம்பரும் தவிர வேறொன்றும் இல்லை. இந்தியாவில் முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் புதிய மாதிரிகளுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்த மாதிரிகளுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமாயின. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பும் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் 2019-இல் வந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் காத்திருந்தன. 1979-இல் வரைந்த உடலை இவற்றுக்கு ஏற்றபடி திருத்துவதைவிடக் கைவிடுவதே எளிது. 2019-இல் ஆம்னியின் உற்பத்தி நின்றது. அதன் இடத்தை நிரப்பிய ஈகோவுக்குக் குட்டையாயினும் ஒரு மூக்கு உண்டு.

உற்பத்தி நின்றதோடு வண்டிகள் நிற்கவில்லை. சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன்பின் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தபோது, பழைய ஆம்னி வைத்திருந்த வீடுகளில் வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கணக்கு எழுந்தது. வண்டியின் சந்தை விலையில் கணிசமான பங்கு அக்கட்டணமாகவே போகும் என்ற நிலையிலும், பெட்டியின் தரை துருவேறாமல் இருந்தால் வைத்துக்கொண்டவர்கள் உண்டு, ஏனெனில் அந்த விலையில் எட்டுப் பேர் அமரும் வேறு வண்டி கிடைப்பதில்லை. 2019-இல் பதிவான கடைசி ஆம்னிகளுக்கு 2034-இல் பதினைந்து ஆண்டு நிறையும். அப்போதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து வாசலில், முன் இருக்கையைத் தூக்கி இஞ்சின் எண்ணைத் தேய்த்துத் துடைத்து ஆய்வாளருக்குக் காட்டும் வேலை சில காலம் தொடரவே செய்யும்.